கிரீம் சீஸ் ஸ்வர்ல் பிரவுனி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டிலேயே பிரவுனி செய்கிறவர்கள் அடுத்த படியாகக் கை வைப்பது பெரும்பாலும் கிரீம் சீஸ் வரியோடிய பிரவுனியில்தான். அங்கேதான் சந்தேகங்களும் கூடுகின்றன. இங்கே சொல்லும் அளவுகள் எல்லாம் 8 அங்குல (20 செ.மீ.) சதுரத் தட்டுக்கானவை. எடை மெஷின் இருந்தால் அதிலேயே அளந்துகொள்ளுங்கள். கப் கணக்கில் அளந்தால் மைதா ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவில் வந்து நிற்கும்.

சாதாரண பிரவுனிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஒரே தட்டில் இரண்டு மாவு வேகிறது. கீழே சாக்லேட் பிரவுனி. மேலே கிரீம் சீஸ், சர்க்கரை, மஞ்சள் கரு கலந்த ஒரு கலவை. உண்மையில் அது ஒரு மெல்லிய சீஸ்கேக். சாக்லேட்டின் திகட்டலைச் சீஸின் லேசான புளிப்பு அடக்கிவிடும். ஒரு துண்டு சாப்பிட்டவர் இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டுவது அதனால்தான்.

சிக்கலும் அதே இடத்தில்தான். மஞ்சள் கரு சேர்ந்த கலவை மிதமான சூட்டில் பதமாக உறையும். சூடு மிஞ்சினால் வெடிக்கும், சொரசொரப்பாகத் திரியும். பலர் கத்தியால் கோலம் போடுவதைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். கோலம் சுமாராக வந்தாலும் ருசி கெடாது. கலக்கும்போது சீஸ் எந்தச் சூட்டில் இருந்தது, ஓவன் எந்தச் சூட்டில் இருந்தது, வெளியே எடுத்த பிறகு எவ்வளவு நேரம் ஆறவிட்டீர்கள் என்ற மூன்றில்தான் இந்தப் பண்டம் நிற்பதும் விழுவதும்.

சரியான அளவுகள் என்ன?

பிரவுனிக்கு: உப்பில்லாத வெண்ணெய் 115 கிராம், டார்க் சாக்லேட் (55 முதல் 60 சதவீதம் கோகோ) 115 கிராம், சர்க்கரை 190 கிராம், முட்டை 2, மைதா 65 கிராம், கோகோ பவுடர் 20 கிராம், உப்பு கால் டீஸ்பூன், வெனிலா எசென்ஸ் ஒரு டீஸ்பூன்.

சீஸ் கலவைக்கு: கிரீம் சீஸ் 180 முதல் 200 கிராம், பொடித்த சர்க்கரை 50 கிராம், ஒரு முட்டையின் மஞ்சள் கரு, வெனிலா அரை டீஸ்பூன். மிஞ்சும் வெள்ளைக்கருவை மறுநாள் ஆம்லெட்டில் சேர்த்துவிடலாம். முழு முட்டையாகப் போட்டால் சீஸ் கலவை நீர்த்துப்போய் சாக்லேட்டுக்குள் வழிந்துவிடும்.

பேக்கிங் பவுடர் எழுத மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். இதற்கு அது தேவையில்லை. முட்டை தருகிற உப்பலே போதும். பேக்கிங் பவுடர் சேர்த்தால் பிரவுனி கேக்காக மாறி, மேலே இருக்கும் சீஸை நெட்டித் தள்ளும்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

முதலில் சீஸ், முட்டை இரண்டையும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வையுங்கள். சென்னை வெயிலில் அரை மணி நேரம் போதும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். ஓவனை 170 டிகிரி செல்சியஸில் சூடாக்கத் தொடங்குங்கள். தட்டில் பேக்கிங் பேப்பரை இரண்டு பக்கமும் வெளியே தொங்கும்படி விரியுங்கள். பிறகு தூக்கி எடுக்க அதுதான் பிடி.

வெண்ணெயையும் சாக்லேட்டையும் டபுள் பாய்லரில், அதாவது தண்ணீர் கொதிக்கும் பாத்திரத்தின் மேல் வைத்த இன்னொரு பாத்திரத்தில், உருக்குங்கள். கொதிக்கிற தண்ணீர் மேல் பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது. உருகியதும் இறக்கி, சூடாக இருக்கும்போதே கோகோ பவுடரைக் கலந்துவிடுங்கள். சூடான கொழுப்பில் கலந்த கோகோவின் மணம் நன்றாகத் தூக்கும். அது ஆறும் நேரத்தில் இன்னொரு பாத்திரத்தில் முட்டை, சர்க்கரை, உப்பு, வெனிலா சேர்த்து, வெளிர் மஞ்சளாகிக் கெட்டியாகும் வரை நான்கைந்து நிமிடம் அடியுங்கள். வெதுவெதுப்பான சாக்லேட்டை இதில் ஊற்றிக் கலந்து, மைதாவைச் சலித்துப் போட்டு ஸ்பாட்டுலாவால் மடித்துக் கலக்குங்கள். வெள்ளை மறைந்தவுடன் நிறுத்திவிட வேண்டும்.

முன்பே தனியே தயார் செய்து வைத்த சீஸ் கலவையை, தட்டில் பரப்பிய சாக்லேட் மாவின் மேல் கரண்டி கரண்டியாக வைத்து, கத்தியால் இழுத்து, 30 முதல் 35 நிமிடம் பேக் செய்யுங்கள். தட்டோடு முழுவதும் ஆறவிட்டு, ஃப்ரிட்ஜில் குறைந்தது மூன்று மணி நேரம் வைத்த பிறகு வெட்டுங்கள்.

கடையில் எந்தச் சீஸ் வாங்க வேண்டும்? சீஸ் ஸ்பிரெட் போதாதா?

போதாது. நம் ஊர்க் கடைகளில் ஒரே அலமாரியில் சீஸ் ஸ்பிரெட், சீஸ் ஸ்லைஸ், சீஸ் கியூப், கிரீம் சீஸ் எல்லாம் அடுத்தடுத்து இருக்கும். முதல் மூன்றும் பதப்படுத்திய சீஸ். உப்பும், சீஸைக் குழைவாக வைக்கிற உப்பு வகைகளும் சேர்ந்தவை. அவற்றைப் போட்டால் பிரவுனியில் சாண்ட்விச் வாசனைதான் வரும். டப்பாவில் ‘கிரீம் சீஸ்’ என்றே எழுதியிருக்க வேண்டும். பூண்டு, மூலிகை போட்ட வகைகளும் அதே டப்பாவில் வருகின்றன, பார்த்து எடுங்கள்.

கொழுப்பு அளவையும் திருப்பிப் பாருங்கள். அமெரிக்க விதிப்படி கிரீம் சீஸ் என்ற பெயரில் விற்க 33 சதவீதத்துக்குக் குறையாத பால் கொழுப்பு வேண்டும், ஈரப்பதம் 55 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அங்கே எழுதப்படும் செய்முறைகள் எல்லாம் அந்தக் கெட்டியான கட்டியை மனதில் வைத்து எழுதியவை. இங்கே கிடைக்கும் டப்பாச் சீஸ் சில சமயம் அதைவிட இளகலாக இருக்கும். அப்படியானால் ஒரு டேபிள்ஸ்பூன் மைதாவைச் சீஸ் கலவையில் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘லைட்’ என்று போட்ட வகையைத் தொடவே வேண்டாம்.

கிரீம் சீஸ் கிடைக்கவில்லை. தயிரை வடிகட்டிப் போடலாமா? பன்னீர்?

தயிரைத் துணியில் கட்டி ஃப்ரிட்ஜில் ஓர் இரவு வடியவிட்டால் வேலை ஆகும். புளிக்காத, கொழுப்பு குறையாத பாலில் உறைந்த தயிராக இருக்கட்டும். 200 கிராம் வடித்த தயிருக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் ஃபிரெஷ் கிரீம், ஒரு டேபிள்ஸ்பூன் சோள மாவு சேர்த்தால் ஓவனில் நீர் விடாது. புளிப்பு தூக்கலாக இருக்கும், அது சிலருக்குப் பிடிக்கிறது.

பன்னீர் என்றால் வீட்டில் புதிதாகத் திரித்த, அழுத்தாத பன்னீர். சூடு இருக்கும்போதே மிக்ஸியில் கிரீமோடு ஓட்டி, பட்டுப்போல ஆகும்வரை அரைக்க வேண்டும். கடைப் பன்னீர்க் கட்டியை எவ்வளவு அரைத்தாலும் நாக்கில் மணல் தட்டும். மஸ்கார்போனே என்ற இத்தாலியக் கிரீம் சீஸ் வகை கிடைத்தால் போடலாம், ஆனால் அதில் புளிப்பு குறைவு. சில சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள், அதிகம் அடிக்காதீர்கள், அடித்தால் திரிந்துவிடும்.

இத்தனை சுற்றும் ஒரு டப்பா கிரீம் சீஸுக்கு ஈடாகுமா என்றால், ஆகாது. சீஸ் கிடைக்கும் நாளில் செய்துகொள்ளலாம் என்பது என் எண்ணம்.

சீஸ் கலவையில் கட்டி கட்டியாக நிற்கிறதே?

சில்லென்று இருக்கும் சீஸில் முட்டை ஊற்றிவிட்டீர்கள். சீஸை முதலில் தனியாக, பிறகு சர்க்கரையோடு, மழமழவென்று ஆகும்வரை கரண்டியாலேயே குழைக்க வேண்டும். அதற்கு அப்புறம்தான் மஞ்சள் கரு. திரவம் உள்ளே போன பிறகு கட்டி கரையாது, மிதந்துகொண்டே இருக்கும். ஏற்கெனவே அப்படி ஆகிவிட்டதா? ஒரு சல்லடையில் தேய்த்து எடுத்துவிடுங்கள், சரியாகிவிடும்.

மெஷின் பீட்டரை வேகமாக ஓட்டாதீர்கள். உள்ளே புகுந்த காற்று ஓவனில் விரியும். சீஸ் புசுபுசுவென்று எழும்பி, வெளியே எடுத்ததும் அமுங்கி வெடிப்பு விடும்.

காம்பவுண்ட் சாக்லேட் போட்டால் என்ன?

தாராளமாகப் பிரவுனி வரும், ஆனால் வேறு பிரவுனி. காம்பவுண்டில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு இருக்கிறது. கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில், அதாவது வாய்க்குள் வைத்ததும் உருகும். காம்பவுண்டில் இருக்கும் கொழுப்பு பெரும்பாலும் அவ்வளவு நேர்த்தியாக உருகாது; இந்தப் பிரவுனியைக் குளிர்ச்சியாகச் சாப்பிடுவதால் அண்ணத்தில் மெழுகு பூசியது போன்ற பிசுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அதில் சர்க்கரையும் கூடுதலாக இருக்கும் என்பதால், பிரவுனிக்கான சர்க்கரையில் 30 கிராமைக் குறையுங்கள்.

பட்ஜெட் இடித்தால் நான் காம்பவுண்டைவிடக் கோகோ பவுடரையே சிபாரிசு செய்வேன். சாக்லேட்டை முழுக்க விட்டுவிட்டு, வெண்ணெய் 140 கிராம், கோகோ 65 கிராம், சர்க்கரை 230 கிராம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். சாக்லேட் வாசனை காம்பவுண்டைவிடத் தெளிவாக இருக்கும்.

செலவு செய்ய முடிந்தவர்களுக்கு: பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ விளைகிறது. அந்தக் கோகோவில் செய்த டார்க் சாக்லேட்டுகளை இப்போது பெரிய கடைகளிலும் ஆன்லைனிலும் வாங்கலாம். பழப் புளிப்பு லேசாக ஓடுகிற சாக்லேட் என்றால் சீஸோடு நன்றாகச் சேரும். 70 சதவீதத்துக்கு மேல் போனால் மாவு கெட்டியாகும், சர்க்கரையை 20 கிராம் கூட்டுங்கள்.

கோகோ பவுடர் இயற்கையானதா, டச்சு முறையில் செய்ததா?

எதுவானாலும் சரி. 19ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் வான் ஹூட்டன் கோகோவைக் காரத்தில் பதப்படுத்தும் முறையைக் கொண்டுவந்தார். அப்படிச் செய்த கோகோ கறுப்பாகவும் கசப்பு தணிந்தும் இருக்கும். சமையல் சோடா போடும் கேக்குகளில்தான் இந்த வித்தியாசம் காலை வாரும், ஏனென்றால் சோடாவுக்கு அமிலம் வேண்டும். இதில் சோடா இல்லை. வெள்ளைச் சீஸுக்குப் பக்கத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்றால் டச்சு வகை நன்றாக இருக்கும். சர்க்கரை கலந்த டிரிங்கிங் சாக்லேட் பவுடர் மட்டும் வேண்டாம்.

வீட்டில் உப்பு போட்ட மஞ்சள் வெண்ணெய்தான் இருக்கிறது.

போடலாம். செய்முறையில் உள்ள கால் டீஸ்பூன் உப்பை விட்டுவிடுங்கள், அவ்வளவுதான். சீஸிலும் உப்பு இருப்பதால் மொத்தத்தில் உப்பு ஒரு சிட்டிகை தூக்கலாகத் தெரியும். கடைந்து எடுத்த வீட்டு வெண்ணெயில் மோர்த்தண்ணீர் இருக்கும். அதைப் போடுவதானால் நன்றாகக் கழுவிப் பிழிந்துவிட்டு எடை போடுங்கள். நெய் வேண்டாம். நெய் மணம் சீஸையும் சாக்லேட்டையும் ஒரேயடியாக மூடிவிடும்.

சர்க்கரையைப் பாதியாகக் குறைக்கலாமா? நாட்டுச்சர்க்கரை?

190 கிராமை 160 வரை குறைக்கலாம். அதற்குக் கீழே போனால் இனிப்பு மட்டும் குறைவதில்லை. பிரவுனிக்குள் ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பது சர்க்கரைதான், அது போனால் வறண்ட கேக் கிடைக்கும். இனிப்பு ஆகாதவர்களுக்குச் சின்னத் துண்டாக வெட்டிக் கொடுப்பது நல்ல வழி.

நாட்டுச்சர்க்கரை பாதி, வெள்ளைச் சர்க்கரை பாதி என்று போட்டால் உள்ளே இன்னும் பிசுபிசுப்பாக, நன்றாகவே இருக்கும். முழுக்க நாட்டுச்சர்க்கரை என்றால் மேலே பளபளப்பு வராது. கருப்பட்டி சாக்லேட்டோடு ஒத்துப்போகிறது, ஆனால் சீஸோடு சேரும்போது புகை வாசனை தனியாக நிற்கிறது. சீஸ் இல்லாத பிரவுனிக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

கடைப் பிரவுனியில் மேலே பளபளவென்று ஒரு மெல்லிய ஏடு இருக்குமே, எனக்கு ஏன் வருவதில்லை?

அந்த ஏடு முட்டையில் கரைந்த சர்க்கரையால் வருவது. முட்டையும் சர்க்கரையும் அடிபடும்போது சர்க்கரை கரைந்து, மேல்பரப்பில் மெரிங் (வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் அடித்துக் காயவைக்கும் பண்டம்) போன்ற ஒரு படலமாகக் காய்கிறது. நம் ஊர்ச் சர்க்கரை பரல் பெரிது. அப்படியே போட்டால் நான்கைந்து நிமிடத்தில் கரையாது. மிக்ஸியில் இரண்டு சுற்று ஓட்டி, ரவைப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். முட்டை ஃப்ரிட்ஜ் குளிர்ச்சியில் இருக்கக்கூடாது. விரலில் தொட்டுத் தேய்த்தால் பரல் தட்டக்கூடாது. உருக்கிய சாக்லேட் வெதுவெதுப்பாக இருக்கும்போது ஊற்றினால் மிச்சப் பரலும் கரைந்துவிடும்.

சீஸ் மூடிய இடங்களில் இந்த ஏடு வராது. ஆகவே தட்டு முழுக்கச் சீஸைப் பூசாமல், இடையிடையே சாக்லேட் தெரியும்படி விடுங்கள்.

வரி அழகாக வர என்ன செய்வது?

இரண்டு கலவையும் ஏறக்குறைய ஒரே பதத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. சீஸ் நீர்த்திருந்தால் சாக்லேட் மேல் குளமாகத் தேங்கும்; கெட்டியாக இருந்தால் கத்தி இழுத்த இடத்தில் கிழிந்து வரும். சாக்லேட் மாவு ஆறிக்கொண்டே இறுகும் என்பதால் சீஸைக் கடைசியில் செய்யாமல், முன்பே செய்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாக்லேட் மாவில் ஐந்தாறு டேபிள்ஸ்பூன் தனியே எடுத்துவிட்டு மிச்சத்தைத் தட்டில் பரப்புங்கள். அதன் மேல் சீஸைத் திட்டுத் திட்டாக வையுங்கள். இடைவெளிகளில் எடுத்து வைத்த சாக்லேட் மாவைப் போடுங்கள். அது இறுகியிருந்தால் ஒரு டீஸ்பூன் வெதுவெதுப்பான பால் விட்டு இளக்கலாம். பிறகு ஒரு வெண்ணெய்க் கத்தியைப் பாதி ஆழத்துக்கு இறக்கி, நீளவாக்கில் நான்கைந்து கோடு, குறுக்குவாக்கில் நான்கைந்து கோடு. கத்தி அடிப் பேப்பரைத் தொடக்கூடாது.

இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றும் பாருங்கள், அங்கே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் போனால் எல்லாம் கலந்து பழுப்பாகிவிடும்.

ஓடிஜி, கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ், குக்கர்: எதில் எப்படி?

ஓடிஜியில் (ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த மின் அடுப்பு) மேல், கீழ் இரண்டு கம்பியும் எரியட்டும், தட்டு நடு அடுக்கில். 15 நிமிடமாவது முன்பே சூடாக்குங்கள். சின்ன ஓடிஜியில் மேல் கம்பி தட்டுக்கு மிக அருகில் இருக்கும். சீஸ் வேகும் முன்பே பழுப்பாகத் தொடங்கினால் 20 நிமிடம் கழித்து மேலே அலுமினியம் ஃபாயிலைக் கூடாரமாக மூடுங்கள். பல ஓடிஜிகளில் திருகியில் காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் ஒத்துப்போவதில்லை. ஒரு ஓவன் தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே மாட்டுங்கள். இந்தப் பட்டியலில் காசு போட்டு வாங்க வேண்டிய ஒரே சாமான் அதுதான்.

கன்வெக்‌ஷன் மைக்ரோவேவில் விசிறி சுற்றுவதால் 155 முதல் 160 டிகிரி போதும். சதுரத் தட்டு உள்ளே இடிக்காமல் சுற்றுகிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். சாதா மைக்ரோவேவ் முறையில் இதைச் செய்யவே வேண்டாம், சீஸ் கொதித்து ரப்பராகிவிடும்.

குக்கரில் உப்பு அல்லது மணல் பரப்பி, கேஸ்கட்டும் வெயிட்டும் எடுத்துவிட்டுச் செய்கிறார்கள். சாதா பிரவுனிக்கு அது போதும். சீஸ் பிரவுனிக்கு ஒத்துவராது. மூடியில் படியும் நீராவி சொட்டுச் சொட்டாகச் சீஸ் மேல் விழுந்து அம்மை போட்ட மாதிரி ஆகும். வேறு வழியே இல்லை என்றால், துணி சுற்றிய வேறொரு சாதா மூடியை, துணி நுனி அடுப்புத் தீயில் படாமல் மேலே முடிந்துகொண்டு, பயன்படுத்துங்கள்.

கண்ணாடித் தட்டு பரவாயில்லையா? பட்டர் பேப்பரும் பேக்கிங் பேப்பரும் ஒன்றா?

அலுமினியத் தட்டு முதல் தேர்வு. கண்ணாடி மெதுவாகச் சூடேறும், சூடேறிய பிறகு சீக்கிரம் ஆறாது. ஓவனை அணைத்த பின்னும் ஓரங்கள் வெந்துகொண்டே இருக்கும். கண்ணாடிதான் இருக்கிறது என்றால் 15 டிகிரி குறைத்து, நேரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். சூடான கண்ணாடியை நேராக ஃப்ரிட்ஜில் வைத்தால் விரிசல் விடும்.

நம் கடைகளில் பட்டர் பேப்பர் என்று விற்பது பல நேரம் எண்ணெய் ஒட்டாத காகிதம் மட்டுமே, சிலிக்கான் பூச்சு இருக்காது. பிரவுனி அதில் ஒட்டிக்கொள்ளும். அதைப் பயன்படுத்தினால் மேல் பக்கமும் வெண்ணெய் தடவுங்கள்.

வெந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது?

பல்குத்தியைச் சாக்லேட் பகுதியில் குத்திப் பாருங்கள், சீஸில் அல்ல. சீஸில் குத்தினால் எப்போதும் ஈரமாகத்தான் வரும். நடுவுக்கும் ஓரத்துக்கும் இடைப்பட்ட இடத்தில் குத்தினால் ஈரமான சில துகள்கள் ஒட்டி வர வேண்டும். வழவழவென்று மாவு வந்தால் இன்னும் ஐந்து நிமிடம். சுத்தமாக வந்துவிட்டால் நேரம் கடந்துவிட்டது. வெளியே எடுத்த பிறகும் தட்டின் சூட்டில் அது மேலும் வேகும்.

தட்டை லேசாக அசைத்தால் ஓரம் நின்று, நடுவில் சீஸ் மட்டும் சற்றே ஆட வேண்டும். சீஸின் ஓரங்கள் மங்கலாகி, பளபளப்பு போயிருக்கும். பழுப்பு நிறம் வரும்வரை காத்திருக்காதீர்கள். குத்தும் தெர்மாமீட்டர் இருப்பவர்களுக்குக் கணக்கு: நடுவில் 85 டிகிரியைத் தாண்டியதும் எடுத்துவிடலாம்.

நடுவில் பள்ளம், ஓரத்தில் எண்ணெய், சீஸில் வெடிப்பு, எல்லாம் சேர்ந்து வருகிறது. என்ன காரணம்?

மூன்றும் வேறு வேறு காரணம். பள்ளம் விழுவது, நடுப்பகுதி வேகாமல் எடுத்ததால் அல்லது மைதா சேர்த்த பிறகு அடித்து அடித்துக் காற்றேற்றியதால். ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு அமுங்குவது இயல்புதான், அதற்காக மனம் வாடத் தேவையில்லை.

எண்ணெய் பிரிவது சாக்லேட் கலவை திரிந்ததால். நேரடித் தீயில் உருக்கியிருப்பீர்கள், அல்லது கொதிக்கும் சூட்டில் முட்டையில் ஊற்றியிருப்பீர்கள். ஊற்றும் முன்பே கலவை மினுமினுப்பாகப் பிரிந்து தெரிந்தால், ஒரு டேபிள்ஸ்பூன் வெதுவெதுப்பான பாலை விட்டு வேகமாகக் கலக்கினால் பெரும்பாலும் கூடிவரும்.

சீஸில் வெடிப்பு என்றால் ஓவன் சூடு கூடுதல், அல்லது நேரம் கூடுதல், அல்லது சீஸை அதிகம் அடித்தது. 180க்கு மேல் வைத்திருந்தால் அடுத்த முறை 165இல் தொடங்குங்கள்.

பிரவுனி கேக்காக வருகிறது என்கிறவர்களுக்குப் பதில் சுருக்கம்: மைதாவை எடை போடுங்கள்.

முட்டை இல்லாமல் முடியுமா?

முடியும், பளபளப்பு ஏட்டை மறந்துவிட வேண்டும். வெண்ணெய் 100 கிராம், சாக்லேட் 100 கிராம் உருக்கி, கண்டென்ஸ்டு மில்க் 200 கிராம், பால் 60 மில்லி கலந்து, மைதா 100 கிராம், கோகோ 20 கிராம், பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை சலித்துப் போடுங்கள். தனியாகச் சர்க்கரை வேண்டாம். இனிப்புப் பிரியர்கள் 40 கிராம் போட்டுக்கொள்ளலாம். இங்கே பேக்கிங் பவுடர் அவசியம், தூக்குவதற்கு முட்டை இல்லையே.

சீஸ் கலவையில் மஞ்சள் கருவுக்குப் பதிலாக ஒரு டேபிள்ஸ்பூன் சோள மாவும் இரண்டு டேபிள்ஸ்பூன் ஃபிரெஷ் கிரீமும். இந்த வகையில் சீஸ் இன்னும் சீக்கிரம் காயும், 25 நிமிடத்திலேயே பார்க்கத் தொடங்குங்கள்.

காபி, முந்திரி, வால்நட்?

இன்ஸ்டன்ட் காபித் தூள் அரை டீஸ்பூனைச் சூடான சாக்லேட்டில் கரைத்தால் காபி வாசனை தெரியாது, சாக்லேட் வாசனை தூக்கும். ஃபில்டர் காபித் தூள் கரையாது. அதற்குப் பதிலாகக் கெட்டி டிக்காஷன் ஒரு டீஸ்பூன் விடலாம். வால்நட்டை வறுத்து, சாக்லேட் மாவுக்குள் மட்டும் போடுங்கள். மேலே தூவினால் கத்தி அதில் சிக்கி வரியைக் கெடுக்கும்.

இது எங்கிருந்து வந்தது?

பிரவுனி அமெரிக்கப் பண்டம். 1893இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தபோது, பெர்த்தா பாமர் என்ற சீமாட்டி, பெண்கள் உணவுப் பெட்டியில் எடுத்துச்சென்று கையால் சாப்பிடும்படி ஒரு இனிப்பு வேண்டும் என்று பாமர் ஹவுஸ் ஹோட்டல் சமையல்காரர்களைக் கேட்டதாகச் சொல்வார்கள். வால்நட் போட்டு, மேலே ஆப்ரிகாட் பூச்சு கொடுத்த அந்த இனிப்பைத்தான் முதல் பிரவுனி என்று அந்த ஹோட்டல் உரிமை கொண்டாடுகிறது. ஃபேனி ஃபார்மரின் 1896 சமையல் நூலிலும் பிரவுனி இருந்தது. ஆனால் அது மொலாசஸ் என்ற கறுத்த கரும்புப் பாகு ஊற்றிய, சாக்லேட்டே இல்லாத சின்ன கேக். 1906 பதிப்பில் சாக்லேட் பிரவுனி வந்துவிட்டது.

கிரீம் சீஸும் அதே நாட்டுக்காரன். 1872 வாக்கில் நியூயார்க் மாநிலத்தின் செஸ்டர் ஊரில் வில்லியம் லாரன்ஸ் என்ற பால்பண்ணைக்காரர் அதை விற்பனைக்குச் செய்யத் தொடங்கினார். 1880இல் அதற்கு ஃபிலடெல்ஃபியா என்று பெயர் வைத்தார்கள். அந்த நகரத்தில் செய்தது இல்லை; நல்ல பால் பொருளுக்குப் பேர்போன ஊர் என்பதால் அந்தப் பெயர். வியாபாரத் தந்திரம் எந்தக் காலத்திலும் உண்டு.

வெட்டும்போது சீஸ் இழுபட்டு அசிங்கமாகிறது.

ஆறாமல் வெட்டுகிறீர்கள். ஃப்ரிட்ஜில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்த பிறகு, பேப்பரோடு தூக்கி பலகையில் வையுங்கள். நீளமான கத்தியைச் சூடான தண்ணீரில் முக்கி, துடைத்து, ஒரே அழுத்தாக வெட்டுங்கள். முன்னும் பின்னும் அறுக்காதீர்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் துடைக்க வேண்டும். 16 துண்டு வரும். பரிமாறும் முன் பத்து நிமிடம் வெளியே வைத்தால் சாக்லேட் இளகிச் சுவை திறக்கும்.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

ஃப்ரிட்ஜில் மூடிய டப்பாவில் நான்கு நாள். சீஸ் இருப்பதால் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மே மாத வெயிலில் ஒரு மணி நேரமே அதிகம். சாம்பார், மீன் குழம்பு பக்கத்தில் திறந்து வைத்தால் சீஸ் அந்த வாசனையை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும்.

ஃப்ரீசரில் துண்டு துண்டாகச் சுற்றி வைத்தால் இரண்டு மாதம் தாங்கும். எடுத்து முதல் நாள் இரவே கீழே ஃப்ரிட்ஜ் பகுதிக்கு மாற்றிவிடுங்கள்.

விருந்துக்கு இரட்டிப்பு அளவு செய்ய வேண்டும்.

எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கி 9க்கு 13 அங்குலத் தட்டில் ஊற்றுங்கள், பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பு. நேரம் 35 முதல் 42 நிமிடம். ஓடிஜிக்குள் அந்தத் தட்டு நுழையுமா என்று மாவு கலக்கும் முன்பே வைத்துப் பார்த்துவிடுங்கள். ஒரே ஓடிஜியில் இரண்டு சின்னத் தட்டை மேலும் கீழும் அடுக்க வேண்டாம்; ஒன்று கருகும், ஒன்று வேகாது.

வெளியூரில் இருக்கும் பிள்ளைக்குக் கூரியரில் அனுப்பலாமா? விற்கலாமா?

சீஸ் போட்டதைக் கூரியரில் அனுப்பாதீர்கள். ஒரு நாள் வேனிலும் குடோனிலும் கிடந்து வரும் சீஸை நம்பிச் சாப்பிட முடியாது, பார்வைக்கு நன்றாக இருந்தாலும். அனுப்பியே ஆக வேண்டும் என்றால் சீஸை விட்டுவிட்டு வெறும் பிரவுனியாகச் செய்து, முழுவதும் ஆறிய பிறகு தனித்தனியாகச் சுற்றி அனுப்புங்கள். இரண்டு மூன்று நாள் கெடாது.

விற்பதற்கு வீட்டுச் சமையலறையானாலும் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்எஸ்எஸ்ஏஐ) பதிவு வேண்டும். டப்பா மேல் ‘ஃப்ரிட்ஜில் வைக்கவும்’ என்பதையும் செய்த தேதியையும் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். முட்டை சேர்ந்தது, சேராதது என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள். போன் செய்து முதலில் கேட்கப்போவது அதைத்தான்.